கல்லேரிப்பாளையத்துக்கு ஒரு மழைக்கோட்டு

திண்டிவனம் ஸ்டேஷனில் நான் காலைப் பாசஞ்சரில் ஏறியபோது மழை சற்று விட்டிருந்தது. கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம், ஐப்பசி மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை. கையில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுப் புடவை ஒன்று, ஒரு சீப்பு, நாலு வாழைப்பழம். திங்கட்கிழமை காலை மறுபடி வேலைக்கு நிற்க வேண்டும். அதற்குள் போய்வர வேண்டிய ஊர் கல்லேரிப்பாளையம். அனந்தபுரத்துக்குக் கிழக்கே மூன்று மைலில் இருக்கிறது. தேசப்படத்தில் தேடினால் கிடைக்காது.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கணவர் ஆரோக்கியசாமி கல்லேரிப்பாளையத்துக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒற்றை வாத்தியார். வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். கோடை விடுமுறை முடிந்ததும் அவர் அங்கே போய்விட்டார், நான் நர்ஸ் விடுதிக்குத் திரும்பிவிட்டேன். சேர்ந்து இருந்தது மூன்று வாரம்கூட வராது. அதிலும் பாதி நாள் விருந்துச் சாப்பாட்டிலும் உறவுக்காரர் வீடுகளிலும் போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்துபோனார். இரண்டாம் தடவை வந்தது புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலையிலிருந்து கால்வரை நனைந்து, கம்பி உடைந்த குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விடுதி வாசலில் நின்றார். இருமினார். "அங்க அடிக்கிற காத்துக்குக் குடை நிக்காது, மேரி" என்றார். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். பெண்கள் விடுதி என்பதால் அதைக்கூட வாசலில் வைத்துத்தான் கொடுக்க முடிந்தது. அன்றைக்கே அவருக்கு ஒரு மழைக்கோட்டு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

செஞ்சி வழியாகப் போவதுதான் சுருக்கம். ஆனால் அந்த வழியில் தரைப்பாலம் ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டதால் பஸ் நின்றிருந்தது. ஆகவே தெற்கே விழுப்புரம் போய், அங்கிருந்து மறுபடி வடமேற்கே அனந்தபுரத்துக்கு பஸ்ஸில் ஏறுவது என்று வைத்துக்கொண்டேன். சுற்றுதான். இருந்தாலும் உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்துச் சாமான்கள் விழுப்புரத்தில் மலிவாக விற்கின்றன என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். கோட்டும் வாங்கினாற்போல் ஆயிற்று.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் இருபத்துமூன்று மைல். மூன்றாம் வகுப்பில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. மயிலம் தாண்டும்போது முருகன் மலையின் உச்சி மேகத்துக்குள் இருந்தது. பேரணி, விக்கிரவாண்டி என்று வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போயிற்று. இருபுறமும் வயல் எது, ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே தண்ணீர். எதிரே கூடையில் இரண்டு கோழியோடு உட்கார்ந்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எந்த ஊருக்கும்மா, இந்த மயயில தனியா?"

"எங்க வீட்டுக்காரரைப் பார்க்க."

"சொல்லி அனுப்பிச்சியா?"

"இல்லீங்க. திடீர்னு லீவு கிடைச்சுது."

"அப்ப ஆளு பயந்துடுவாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் முகம் எப்படி மாறும் என்றுதான் விழுப்புரம் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரம் ஜங்ஷன் எப்போதும் பாதி ஊர் வந்து இறங்கியதுபோல இருக்கும். பாண்டிச்சேரி வண்டிக்கு ஓடுகிறவர்கள், காட்பாடி வண்டிக்குக் காத்திருப்பவர்கள், சாக்கு மூட்டைகள், அழுகிற பிள்ளைகள். வெளியே ஜட்கா வண்டிகள் சேற்றில் வரிசையாக நின்றன. கடைத்தெரு பக்கந்தான் என்பதால் நடந்தே போனேன். வாசலில் பட்டாளத்து பூட்ஸுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் கயிற்றில் தொங்கிய ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் ஒரு பாய். நடுத்தர வயது, வெற்றிலை போட்ட வாய்.

"மழைக்கோட்டு இருக்குதுங்களா?"

"மூணு தினுசு கீதும்மா. யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

மூன்றையும் எடுத்துப் பலகையில் போட்டார். முதலாவது ரப்பர் பூசிய நீளக் கோட்டு, பதினெட்டு ரூபாய். உள்ளே சட்டைத் துணி, வெளியே பளபளப்பு, நல்ல வாசனைகூட வந்தது. இரண்டாவது எண்ணெய் பூசிய முரட்டுத் துணிக் கோட்டு, ஒன்பது ரூபாய். மூன்றாவது கோட்டே அல்ல. தலைக்கு முக்காடும் கழுத்துக்குப் பொத்தானும் வைத்து, கையே இல்லாமல் சுற்றிலும் விழும் பச்சைப் போர்வை. அதை அவர் 'கேப்' என்றார். ஐந்தரை ரூபாய்.

நான் ரப்பர் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"அவரு இன்னா வேலை?"

"வாத்தியார். நிறைய நடக்கணும்."

"நடக்கிறவருக்கு அது வாணாம்மா. ஜட்காவுல போறவங்க, ஆபீசுக்குப் போறவங்க போட்டுக்கிறது. ஒரு மைலு நடந்தா உள்ளாற வேர்த்து ஊத்திடும். மயயில நனையிறதும் ஒண்ணு, அதுல நனையிறதும் ஒண்ணு." எண்ணெய்த் துணிக் கோட்டை மடித்துக் காட்டினார். "இது கேட்டுல நிக்கிற காவக்காரனுக்கு. நல்லா தாங்கும். ஆனா நடந்து நடந்து முட்டிகிட்ட மடிப்பு வியுந்து வெடிச்சிடும். கேப் நடக்கறதுக்குத் தோது. பை, புஸ்தகம் எல்லாத்தியும் உள்ளாறயே வெச்சிக்கலாம், காத்தும் பூரும். காத்து ஜாஸ்தின்னா மட்டும் பேஜாரு, தூக்கிக்கினு பூடும். எந்த மாதிரி வயிம்மா அது? ரோடா, வரப்பா, மேடா?"

எனக்குத் தெரியவில்லை. "ஊர்ப்பக்கம்தாங்க" என்றேன்.

"சரி, தோள் அளவு இன்னா?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். கொஞ்சம் குறைத்தேன். மறுபடி விரித்தேன். பாய் என் கைகளைப் பார்த்துவிட்டு, "வேகமா நடப்பாரா, நிதானமா?" என்றார். நாங்கள் சேர்ந்து நடந்தது கோயிலிலிருந்து பந்தல்வரைதான். அதுவும் மேளக்காரர்கள் நடந்த வேகத்தில்.

"கண்ணாலம் ஆயி எவ்ளோ நாளாச்சும்மா?"

"ஆறு மாசம்."

பாய் கேப்பை மடித்துக் காகிதத்தில் சுற்றினார். "இதுக்குத் தோள் அளவு வாணாம். யாருக்கும் பொருந்தும். எட்துக்கினு போங்க, அஞ்சு ரூபா குடுங்க" என்றார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கண் கலங்கியது. மழைச்சாரல் இருந்ததால் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அனந்தபுரத்துக்குப் பதினாறு மைல். அப்போதெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை, அதில் அடுப்புக்கரி. கண்டக்டர் இறங்கித் துருத்திச் சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்றினால், புகை கிளம்பி, மனசிருந்தால் வண்டியும் கிளம்பும். அன்றைக்குக் கரி நனைந்திருந்தது. ஏற்றம் வரும் இடத்திலெல்லாம் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். அனந்தபுரம் கடைவீதியில் இறங்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. உப்பும் மிளகாயும் வாங்கிக்கொண்டு கல்லேரிப்பாளையம் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், நான் வழி கேட்டதும், "வாத்தியாரு வூட்டம்மாவா! வா வா" என்று என்னை நடுவில் விட்டு அழைத்துப் போனார்கள்.

மூன்று மைலில் கடைசி ஒரு மைல் ஏரிக்கரை. கரைமேல் ஏறியதும் காற்று பிடித்துக்கொண்டது. பாய் சொன்னது அப்படியே நடந்தது. மழைக்கு நான் எடுத்துப் போட்டிருந்த கேப் பலூன் மாதிரி உப்பி மேலே எழும்பி முகத்தை மூடியது. இடப்பக்கம் நிறைந்த ஏரி, வலப்பக்கம் பத்தடிப் பள்ளத்தில் வயல். கூட வந்தவர்கள் கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்திருந்தார்கள். அது முதுகோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. நான் கேப்பைக் கழற்றிச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, நனைந்தபடியே ஊருக்குள் நுழைந்தேன்.

அவர் குடியிருந்தது செசிலி அக்கா என்பவளின் வீட்டு முன்னறையில். அவள் கூலி வேலை செய்து கட்டிய இரண்டு அறை வீடு, கோரைக் கூரை. செசிலி அக்கா வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ சாமி! வாத்தியாரு காலையிலியே திண்டிவனம் பொறப்பட்டுப் பூட்டாரும்மா. உன்னப் பாக்கத்தான்!"

பள்ளிக்கூடக் கூரை ஒழுகியதால் இரண்டு நாள் பள்ளி இல்லை என்றாகியிருக்கிறது. செஞ்சி பஸ் நின்றது தெரிந்து, குறுக்கு வழியாகக் கிழக்கே பன்னிரண்டு மைல் நடந்து கூட்டேரிப்பட்டு போய், அங்கிருந்து திண்டிவனத்துக்கு ஏதாவது வண்டி பிடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். நான் ரயிலில் தெற்கே போய்க்கொண்டிருந்த அதே காலை நேரத்தில் அவர் கிழக்கே நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செசிலி அக்காதான் தலையைத் துவட்டிவிட்டாள், கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டாள். "நாளைக்கு வந்துருவாரு. நீ இங்க கீறன்னு அங்க சொல்லுவாங்க இல்ல? பறந்து வருவாரு பாரு" என்றாள். விடுதியில் என் அறைத்தோழி ரோஸ்லினுக்கு நான் எங்கே போனேன் என்று தெரியும். அது ஒன்றுதான் ஆறுதல்.

அவருடைய அறையில் படுத்தேன். ஒரு கயிற்றுக் கட்டில், சுவரில் மாதா படம், கொடியில் ஒரு சட்டை. செருப்பு ஆணியில் மாட்டியிருந்தது. மழைக்காலத்தில் வெறுங்காலோடுதான் நடக்கிறார் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தலையணையில் விளக்கெண்ணெய் வாசனை. தலைக்கு விளக்கெண்ணெய் வைக்கிறவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கல்யாணத்தின்போது யாரோ வாசனைத் தைலம் பூசிவிட்டிருந்தார்கள் போலும். கொடியிலிருந்த சட்டையை எடுத்து இரு தோள்களையும் சாணால் அளந்தேன். இரண்டு சாணும் நாலு விரலும். நான் கடையில் காட்டியதைவிட அகலம்.

சனிக்கிழமை காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூறலும் வெறிப்புமாக இருந்தது. வானம் மேற்கே செஞ்சி மலைப்பக்கம் மட்டும் கருங்கல் நிறத்தில் நின்றது. சும்மா உட்கார முடியாமல், அவர் நடக்கும் இடங்களையெல்லாம் காட்டச் சொன்னேன்.

"இன்னா கீது அங்கெல்லாம்?" என்றாள் செசிலி அக்கா. இருந்தாலும் வந்தாள்.

பள்ளிக்கூடம் ஏரிக்கு அந்தக் கரையில். தினமும் போகவரக் கரைமேல்தான் நடை. ஈரக்களிமண், கால் வைத்தால் கணுக்கால்வரை உள்ளே இழுக்கும். அங்கே கேப் உதவாது என்று நேற்றே தெரிந்தாயிற்று. பக்கங்களை இறுக்கிக் கட்ட வழி இருந்தால் உதவும். சனிக்கிழமைகளில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் அனந்தபுரம் ரோட்டில் மூட்டையோடு நடப்பாராம். அந்த ரோட்டுக்கு இருபுறமும் புளியமரம், காற்றில்லை. கேப்புக்கு ஏற்ற இடம் அதுதான். மூட்டையும் நனையாது.

மூன்றாவது ஒரு நடை இருந்தது. அதைச் செசிலி அக்கா தயங்கித்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கெயம சாயங்காலம் ஆனா இந்தக் குன்று மேல ஏறிக் குந்திக்குவாரு. மய பேஞ்சாலும்தான்."

"அங்க என்ன?"

"ஒண்ணும் கெடையாது. மொட்டப் பாறை. கெயக்கால பாத்துக்கினு குந்திக்கினு இருப்பாரு. எங்க பசங்க கேட்டதுக்கு, திண்டிவனம் அந்தப் பக்கந்தான்டான்னு சொன்னாராம்."

நான் ஏறினேன். ஐம்பதடி உயரம் இருக்கும். ஈரப்பாறையில் பாசி வழுக்கியது. கேப்பின் ஓரம் காலுக்கடியில் மாட்டி ஒருமுறை முழங்காலில் விழுந்தேன். உச்சியில் ஒருவர் உட்காரும் அளவுக்குப் பள்ளமாக ஓரிடம். கிழக்கே பார்த்தேன். பனைமரங்கள், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகள், அதற்கப்பால் வெள்ளையாக மழை. திண்டிவனம் எங்கே தெரியப்போகிறது? இருபது மைலுக்குமேல். ஆனாலும் அந்த இடத்திலிருந்து எழுந்திருக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. திண்டிவனத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நான் பிரசவ வார்டில் வெந்நீர் போட்டுக்கொண்டு, அவர் என்ன செய்கிறாரோ என்று நினைத்ததுண்டு. இதை நினைத்ததில்லை.

கீழே இறங்கியதும் கோணி ஊசி கேட்டு வாங்கினேன். கேப்பின் கீழ்ப்பக்கத்தில் ஒரு முழம் உள்ளே மடித்துத் தைத்தேன், குன்றில் கால் தடுக்காதபடி. இரண்டு பக்கங்களிலும் கக்கத்துக்குக் கீழே என் பாவாடை நாடாவை வெட்டி மூன்று மூன்று கட்டுகள் வைத்தேன். கட்டினால் கோட்டு, அவிழ்த்தால் போர்வை. ஊசி போன துளையில் தண்ணீர் இறங்குமே என்றாள் செசிலி அக்கா. மாதா படத்துக்கு ஏற்றும் மெழுகுவர்த்தியை எடுத்துவந்து தையல்மேல் அழுத்தித் தேய்த்தோம். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். உருண்டு ஓடியது. இருவரும் சிரித்தோம். ஆனால் இருட்டும் வரை அவர் வரவில்லை.

ஞாயிறு காலை என்ன செய்வது என்று யோசித்தேன். அங்கேயே இருந்தால் அவர் வருவார். ஆனால் திங்கள் காலை வேலைக்கு நான் இருக்க முடியாது. விழுப்புரம் வழியே திரும்பினால் வேலைக்குப் போய்விடலாம். ஆனால் அவர் குறுக்குவழியில் வந்துகொண்டிருந்தால் மறுபடி தவறிவிடுவோம். ஆகவே அவர் போன வழியிலேயே கிழக்கே போவது என்று தீர்மானித்தேன். முனுசாமி என்பவருடைய மாட்டுவண்டி மல்லாட்டை மூட்டையோடு கூட்டேரிப்பட்டு போவதாக இருந்தது. "நடுவுல ஆறு கீது, தண்ணி எறங்கியிருந்தா போலாம். இல்லன்னா திரும்பிக்கலாம், வாம்மா" என்றார் அவர்.

ஏழு மைல் போனோம். வண்டிப்பாதை பாதிதூரம் ஓடை மாதிரி இருந்தது. மாடுகள் மூச்சுவாங்கும்போது நான் இறங்கி நடந்தேன். கேப்பின் நாடாக்களைக் கட்டியிருந்தேன். காற்று உள்ளே வரவில்லை. சங்கராபரணி ஆற்றைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதன் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தார் அதைச் செஞ்சியாறு என்றே சொல்கிறார்கள். மற்ற மாதங்களில் மணல்தான். அன்றைக்குச் செம்மண் நிறத்தில் கரைதொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாழைமரம் ஒன்று வேரோடு சுழன்று போயிற்று.

இந்தக் கரையில் நாலைந்து பேர். அந்தக் கரையிலும் பத்துப் பேர்போலக் கோணிச்சாக்குகளுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் உட்காராமல் தண்ணீர் ஓரத்தில் நடப்பதும் நிற்பதுமாக இருந்தார். நல்ல நெடிய எட்டு வைத்து, குனியாமல் நடந்தார். பாவம், யாருக்கோ அவசரம் என்று நினைத்தேன்.

முனுசாமி கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"வாத்தியாரே! யோவ் வாத்தியாரே! உங்க வூட்டுக்காரம்மா இங்க கீறாங்கய்யா!"

அந்த ஆள் நின்றார். தலையிலிருந்த சாக்கை இழுத்துக் கீழே எறிந்தார். அவர்தான். நான் முக்காட்டைப் பின்னால் தள்ளினேன். பச்சைப் போர்வைக்குள் இருந்தவளை அவர் யாரோ பட்டாளத்துக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். பிற்பாடு சொன்னார்.

நடுவில் ஐம்பது அறுபது கஜம் தண்ணீர். அவர் ஏதோ கத்தினார். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்து நான் அவ்வளவு உரக்கக் கத்தியது அன்றைக்குத்தான். பிறகு மார்பைத் தொட்டுக் காட்டி, இருமல் எப்படி என்று சைகையில் கேட்டேன். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். ஆட்டி முடிப்பதற்குள் தோள்கள் இரண்டும் குலுங்குவதைப் பார்த்தேன். சத்தம் மட்டும் இந்தக் கரைக்கு வரவில்லை.

மீதிக் காலைப்பொழுது அப்படியே போயிற்று. அவர் அந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் வண்டி நுகத்தடிமேல் உட்கார்ந்தேன். பேச ஒன்றுமில்லாதபோது கையை உயர்த்திக் காட்டிக்கொண்டோம். இறங்கிவிடலாமா என்பதுபோல அவர் முழங்கால்வரை தண்ணீருக்குள் வந்தார் ஒரு தடவை. நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வேண்டாம், வேண்டாம் என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

உச்சிப்பொழுதுக்குமேல் மழை ஓய்ந்தது. முனுசாமி கரையில் ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தார். தண்ணீர் அதை விட்டு இறங்கி, இன்னும் இறங்கி, கடைசியில் நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு முதுகு காட்டியது. அந்தக் கரை ஆண்கள் கைகோத்துச் சங்கிலியாக இறங்கினார்கள். மூன்றாவது ஆளாக அவர். தண்ணீர் இடுப்பைத் தாண்டி மார்பைத் தொட்டது. நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே மறந்துபோனேன். கரை ஏறினார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பல் தந்தியடித்தது.

"நீ அங்கேருந்து கெளம்பி வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நீங்க இங்கேருந்து கிளம்புவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. வெள்ளிக்கிழமை பொழுதுபோய்த் திண்டிவனம் சேர்ந்திருக்கிறார். ரோஸ்லின் விஷயத்தைச் சொன்னதும் விடுதிக் காவல்காரர் இடத்தில் படுத்துவிட்டு, விடிந்ததும் லாரி ஒன்றில் கூட்டேரிப்பட்டு வந்து, நடந்து ஆற்றுக்கு வரும்போது வெள்ளம். சனிக்கிழமை மதியத்திலிருந்து அந்தக் கரையில்தான் இருந்திருக்கிறார்.

கேப்பைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன். "இது ஏரிக்கரைக்கு. இப்படிக் கட்டிக்கணும்" என்று கக்கத்து நாடாக்களைக் கட்டிக் காட்டினேன். "ரேஷனுக்குப் போறப்ப அவிழ்த்துடுங்க, மூட்டை உள்ளாற வந்துடும். கீழ ஒரு முழம் மடிச்சிருக்கேன், பாறைல தடுக்காது."

"பாறையா?"

நான் கடைசி நாடாவை இறுக்கிக் கட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏறிப் பாத்தியா?" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் தெரியலையே அங்கேருந்து."

"தெரியாதுதான்" என்றார்.

கரையோரத்து வேலமரத்தடியில் உட்கார்ந்தோம். வாழைப்பழங்கள் கறுத்துப்போயிருந்தன, ஆளுக்கு இரண்டு தின்றோம். அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊரார் பார்ப்பார்கள் என்று முதலில் விடப்பார்த்தார். பிறகு விட்டுவிட்டார், கையை அல்ல, அந்த எண்ணத்தை. மாற்றல் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார். ஆனி மாதத்துக்குமுன் நடக்காது என்றார்.

முனுசாமி மாடுகளைப் பூட்டினார். "மேக்கால மறுக்கா கருக்குதும்மா. இப்ப எறங்கலன்னா இன்னிக்கு இல்ல. ஜல்தி வாங்க."

அவருக்குத் திங்கள் பள்ளிக்கூடம், எனக்கு ஆஸ்பத்திரி. வேறு பேச்சுக்கு இடமில்லை. மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஆற்றில் இறங்கியது. தண்ணீர் அச்சுக்குமேல் வந்து மாடுகள் தலையை உயர்த்தின. அவர் கேப்போடு தண்ணீர் ஓரமாகவே நின்றார்.

கிழக்குக் கரை ஏறியதும் முனுசாமி சக்கரத்தில் மாட்டிய செடிக்கொடியை எடுக்க வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன், அவர் அங்கேயே நின்றிருந்தார். போங்கள் என்று கையைக் காட்டினேன். நீ போ என்று காட்டினார். இருட்டிவிட்டால் ஏரிக்கரை ஆபத்து. வானத்தைக் காட்டினேன், மேற்கைக் காட்டினேன், கடைசியில் கும்பிட்டேன். அதற்குப் பிறகுதான் திரும்பினார். வண்டிப்பாதையில் அதே நெடிய எட்டு வைத்துப் போனார். மழை மறுபடி பிடித்தது. கேப் காற்றில் எழும்பவில்லை. முதுகு ஒரு பச்சைத் தழை அளவுக்குச் சிறுத்து, பனைகளுக்கு நடுவே போய், அப்புறம் எது அவர், எது புதர் என்று தெரியவில்லை. முனுசாமி வண்டியில் ஏறிக் கயிற்றைப் பிடித்தபடி எனக்காகக் காத்திருந்தார். நான் "போலாம்" என்ற பிறகுதான் மாடுகளை ஓட்டினார்.

கூட்டேரிப்பட்டு ரோட்டில் திண்டிவனம் பஸ் கிடைத்துவிட்டது. ஒன்பது மைல், ஆறணா. விளக்கு வைக்கும் நேரத்துக்கு விடுதியில் இருந்தேன்.

கேட்ட மாற்றல் அடுத்த ஆனியில் வந்தது. அதுவரை எட்டு மாதம் நாங்கள் பழையபடிதான் இருந்தோம். மழைக்காலம் முடிகிறவரை அவர் வரவில்லை, எனக்கும் லீவு கிடைக்கவில்லை.

திண்டிவனத்து விடுதி நல்ல ஓட்டுக் கட்டடம். எவ்வளவு பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு விழாது. ஜன்னலைச் சாத்தினால் மழைச் சத்தம்கூடத் தூரத்தில்தான் கேட்கும். கல்லேரிப்பாளையத்தில் மழை என்றால் கோரைக்கூரையும் காலைப் பிடிக்கும் களிமண்ணும் காற்றும் வேறு. பயணத்துக்கு முன்னால் இந்த அறையில் படுத்துக்கொண்டு அவரை நினைக்கும்போது, கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்தான் மனத்தில் வருவார், சந்தன மாலையோடு, அசையாமல். ஊர் திரும்பிய அன்றைக்கு ராத்திரி மழை ஓட்டில் விழ ஆரம்பித்ததும் ரோஸ்லின் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றேன். இந்நேரம் அவர் ஏரிக்கரை மதகைத் தாண்டியிருப்பார். இனி இறக்கம், அப்புறம் செசிலி அக்கா வீட்டு விளக்கு. மனசுக்குள் அவரோடு கூடவே நடந்துபோய், வாசலில் கேப்பைக் கழற்றி உதறி ஆணியில் மாட்டுகிறவரை கண்ணை மூடாமல் படுத்திருந்தேன்.